நக்கவாரத்து மண்ணும் கூலிக் கைகளும்

அரபு வணிகர்கள் பாய்மரக் கப்பலேறிச் சீனம் வரை சென்று மீண்ட காலத்தில், அவர்கள் கண்டு வந்த செய்திகளைத் தொகுத்து, ஹிஜ்ரி 237-இல், அதாவது கி.பி. 851-இல், ஒரு நூல் எழுதப்பட்டது. ‘அக்பாருஸ் ஸீனி வல்ஹிந்த்’ என்று அது வழங்கப்படுகிறது. சுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அந்நூலில் ‘லன்ஜபாலூஸ்’ என்றொரு தீவுக் கூட்டம் வருகிறது. கப்பல் நெருங்கியதும் அத்தீவினர் ஓடங்களில் வந்து, தேங்காயும் அம்பரும் கொடுத்து இரும்பு வாங்கிச் செல்வார்கள் என்பது அங்குள்ள செய்தி. ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. எனினும் வியாபாரம் நடந்தது. முடிந்ததும் இரு சாராரும் தத்தம் இடத்திற்குத் திரும்பினார்கள்.

அந்த லன்ஜபாலூஸ்தான் இன்றைய நிக்கோபார். 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படையெடுத்த இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக ‘மாநக்கவாரம்’ என்று அதனைக் குறிக்கிறது. அரபு நூல் அத்தீவைச் சரக்கின் பெயரால் நினைவுகூர்கிறது; நமது கல்வெட்டு வெற்றியின் பெயரால் நினைவுகூர்கிறது. ஆயிரம் ஆண்டுகள் சென்ற பின்னும் அத்தீவை நோக்கும் வெளியாரின் கண்கள் இவ்விரண்டே. அங்கே வாழ்வோர் தம் மண்ணை எவ்வாறு நோக்குகிறார்கள் என்பதை நாம் கேட்டறிந்தது குறைவு.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் ஓதிக் கொடுத்துக் காலங்கழிக்கும் எனக்கும் அத்தீவுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என நீளும் எங்கள் கரையில் சபுராளி இல்லாத வீடு அரிது. பினாங்கும் சிங்கப்பூரும் எங்கள் முன்னோர் கண்ட சபர். வளைகுடா நாடுகள் இத்தலைமுறையினர் கண்ட சபர். இப்போது சில இளைஞர்கள் புதியதோர் ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்: கேம்பல் பே. மகா நிக்கோபார் தீவின் தலைமை ஊர் அது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருள் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகவே அங்கு நடப்பது நம் வீட்டுத் திண்ணைக்கு அப்பாற்பட்ட செய்தியன்று.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கட்டிட வேலையில் கம்பி கட்டுபவர். சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், கேம்பல் பேயில் கான்ட்ராக்ட் வேலைக்கு மேஸ்திரி ஆள் கூப்பிடுகிறார். பட்டாளத்துக்கான கட்டிடமும் அதில் உண்டு என்கிறார்கள். அந்த இடமெல்லாம் ஆதிவாசிகளுடையது என்றும் ஒருவர் சொன்னார். அங்கே வாங்குகிற கூலி ஹலால்தானா?” என்று கேட்டார். வீட்டில் திருமணத்திற்குத் தங்கை இருக்கிறாள் என்பதையும், கேளாமலே, சேர்த்துச் சொன்னார்.

“தம்பி, பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். கிதாபைப் பார்ப்பதற்கு முன்னால் வழக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உஸ்தாதுமார்கள் கற்பித்த முறை. ஆகவே முதலில் அந்த மண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

நிக்கோபாரியரிடையே நிலம் ஒரு தனி மனிதனின் சொத்தன்று. ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்திற்கே தென்னந்தோப்பும், தாழை மரங்களும், தோட்டமும், வளர்ப்பு விலங்குகளும் உரியவை. வேலையும் பொது, விளைவும் பொது. தேங்காயைக் கொடுத்து அரிசி, துணி, இரும்பு ஆகியவற்றைப் பெற்றார்கள். பிறரிடம் நாட்கூலிக்கு நிற்க வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரிதாக இருந்ததில்லை. நிலம் இருந்தவரை அவர்களுடைய கைகள் அவர்களுக்கே சொந்தமாக இருந்தன.

அந்நிலை குலைந்த கதை கார் நிக்கோபாரில் தொடங்குகிறது. 1942-இல் ஜப்பானியர் அந்தமான் நிக்கோபாரைக் கைப்பற்றினர். கார் நிக்கோபாரில் விமான ஓடுதளம் அமைக்கத் தீவு மக்களையே கட்டாய வேலைக்கு இழுத்தனர். 1945-இல், பகைவருக்குச் சைகை காட்டினார்கள் என்று குற்றஞ்சாட்டி, நிக்கோபாரியர் பலரைச் சித்திரவதை செய்து கொன்றனர். அக்கொடுமைக்காக 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. போர் ஓய்ந்தது, ஜப்பானியர் போயினர், ஓடுதளம் நிலைத்துவிட்டது. சுதந்திரத்திற்குப் பின் அது நமது விமானப்படையின் தளமாயிற்று. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலையில் அத்தளத்தைச் சேர்ந்த வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்காகவும் நாம் வருந்த வேண்டும். கடல் சீருடையைப் பார்ப்பதில்லை.

தெற்கேயுள்ள மகா நிக்கோபார் ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் உட்காட்டில் ‘ஷோம்பென்’ என்னும் மக்கள் வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் தொகை 229. எங்கள் பக்கத்தில் ஒரு சிற்றூரின் ஜமாஅத்துப் பட்டியல் இதைவிட நீளமாக இருக்கும். கரையோரங்களில் நிக்கோபாரியர் வாழ்ந்தனர். 1956-இல் பிறப்பிக்கப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம், தீவுகளில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவதைத் தடுத்தது. ஆயினும் 1969-க்கும் 1980-க்கும் இடையில், ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்கள் 330, மகா நிக்கோபாரின் கிழக்குக் கரையில் நிலம் தந்து குடியேற்றப்பட்டன. எல்லைத் தீவில் மக்கள் இருப்பதே காவல் என்பது அன்றைய எண்ணம். எல்லைச் சாலைகள் அமைப்பு காட்டினூடே சாலைகள் போட்டது. 2001-இல் முப்படைக்கும் பொதுவான அந்தமான் நிக்கோபார் கட்டளைப் பிரிவு தோன்றியது. 2012 ஜூலை 31-இல் கேம்பல் பேயில் ‘ஐ.என்.எஸ். பாஸ்’ என்னும் கடற்படை விமானத் தளம் தொடங்கப்பட்டது.

இவற்றுக்கிடையே ஆழிப்பேரலை வந்தது. மகா நிக்கோபாரின் மேற்கிலும் தெற்கிலும் இருந்த நிக்கோபாரியர் ஊர்கள் அழிந்தன. உயிர் தப்பியவர்கள் கேம்பல் பே அருகே கொண்டு வரப்பட்டனர். ராஜீவ் நகர், புதிய சிங்கேன் என்னும் குடியிருப்புகளில் தனித்தனி வீடுகள் தரப்பட்டன. ஒரே கூரையின் கீழ் ஒரு துஹெத்தாக வாழ்ந்தவர்கள் தனித்தனிக் கதவு எண்களாயினர். தோப்பு தொலைவில் கிடக்கிறது. அடுப்பு இங்கே எரிய வேண்டும். ஆகவே நாட்கூலி அவர்களுடைய வாழ்வில் நுழைந்தது. பழைய ஊருக்குத் திரும்பிப் போக அனுமதியுங்கள் என்று அவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

திரும்பும் நாளை எதிர்பார்த்திருந்தபோதுதான் பெருந்திட்டம் வந்தது. கலாத்தியா குடாவில் பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம், ஒரு விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் என்னும் நான்கும் சேர்ந்தது அது. அறிவிக்கப்பட்டபோது அதன் மதிப்பு ரூ. 72,000 கோடி. விமான நிலையம் பொதுமக்களுக்கும் படைக்கும் பொதுவானது. அதன் இயக்கம் கடற்படையின் பொறுப்பில் இருக்கும் என்பது திட்டம். 166 சதுர கிலோமீட்டர் நிலம் இதற்கு வேண்டும். 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு அழியும். வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று 2023-இல் அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கூறியது. 2011-இல் ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த தீவில், வருங்காலத்தில் மூன்றரை லட்சம் பேர் வாழ்வார்கள் என்று திட்ட ஆவணங்கள் கூறுகின்றன. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பழங்குடி மன்றம் தடையில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. தங்கள் மூதாதையர் ஊர்களும் திட்ட நிலத்துள் அடங்குகின்றன என்பது பின்னரே அவர்களுக்குத் தெளிவாயிற்று. நவம்பரில் அந்த இசைவை மன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மற்றொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. விமான நிலையத்திற்கு வேண்டிய நிலத்தில் காந்தி நகர், சாஸ்திரி நகர் ஆகிய ஊர்களின் நிலமும் சேர்கிறது. இவை முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர்கள். எல்லையைக் காக்க அழைத்து வரப்பட்டவரின் பேரப் பிள்ளைகளும் எல்லைக் காவலின் பெயராலேயே எழ வேண்டியிருக்கிறது.

அரசின் பக்கத்தில் நியாயம் இல்லையென்று நான் கூற வரவில்லை. தீவின் தென்முனையிலிருந்து சுமத்திராவின் ஆச்சே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுதான். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் அவ்வழியே செல்கின்றன. நாட்டுக்குக் கடற்காவல் வேண்டும். கடலோரத்தில் வாழும் எங்களுக்கு அதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வினா வேறு: பொதுத் தேவைக்காக ஒருவரின் நிலத்தை எடுக்கும்போது நீதி எதில் இருக்கிறது?

இதற்கு நம் வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 17-இல் கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்காவின் புனிதப் பள்ளியை விரிவாக்கினார்கள். சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். சிலர் விற்க மறுத்தனர். அவ்வீடுகளும் இடிக்கப்பட்டன, ஆனால் அவற்றின் விலை, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளும் வரை, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. பொதுத் தேவைக்கு அரசு நிலம் எடுக்கலாம் என்பதற்கு உலமாக்கள் இதனை எடுத்துக் காட்டுவர். இதில் நான் காணும் மற்றொரு நுட்பமும் உண்டு. வீட்டை இழந்தவரும் அந்தப் பள்ளியில்தான் தொழுதார். இழந்தவர் அந்தப் பொதுவுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. எடுக்கப்பட்டதன் பயனில் அவருக்கும் பங்கு இருந்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு, படைத்தளம் வந்து முடிவும் தெரிந்துவிட்ட வேறு இரண்டு தீவுகளைப் பார்ப்போம். இரண்டும் நமது இந்தியப் பெருங்கடலில் உள்ளவையே.

முதலாவது, மாசிக் கருவாட்டால் நம் சமையலறைகள் அறிந்த மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கன் தீவு. இலங்கையின் திருகோணமலை, கட்டுநாயக்கா தளங்களை 1957-இல் ஒப்படைத்த பிரிட்டிஷார், அதே ஆண்டு கன்னில் விமானப்படைத் தளம் அமைத்தனர். கன் மக்கள் அடுத்திருந்த ஃபேதூவுக்கு மாற்றப்பட்டனர். ஃபேதூவினரில் பலர் மரதூவுக்கு நகர்ந்தனர். ஒரு தளம் வர, இரண்டு ஊர்கள் இடம் பெயர்ந்தன. ஆனால் அங்கே தீவினருக்கே தளத்தில் வேலை கிடைத்தது. மீனவரும் தோட்டக்காரரும் ஏவலாளராகவும் எழுத்தராகவும் மாறினர், ஆங்கிலம் கற்றனர், ரொக்கப் பணம் கண்டனர். 1976 மார்ச்சில் பிரிட்டிஷார் தளத்தை மூடிச் சென்றனர். ஒரே நாளில் கூலி நின்றது. ஒரு தலைமுறை வலையையும் மண்வெட்டியையும் விட்டு விலகியிருந்தது. ஆடவர் தலைநகர் மாலேக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் வேலை தேடிச் சென்றனர். நிலத்தோடு கைகளையும் எடுத்துக்கொண்ட தளம், போகும்போது இரண்டையும் வெறுமையாக விட்டுச் சென்றது.

இரண்டாவது, அதற்கும் தெற்கேயுள்ள டீகோ கார்சியா. அங்கே தென்னந்தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். 1966-இல் பிரிட்டன் அத்தீவைப் படைத்தளத்திற்காக அமெரிக்காவுக்குக் கொடுக்க உடன்பட்டது. 1971-இல் டீகோ கார்சியாவும், 1973-க்குள் சுற்றியிருந்த தீவுகளும் ஆளொழிக்கப்பட்டன. மக்கள் மொரீஷியசிலும் செஷல்சிலும் இறக்கிவிடப்பட்டனர். தளத்தின் பணிகளுக்குப் பிலிப்பைன்சிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். தீவில் பிறந்தவனின் கை மட்டும் வேண்டாததாயிற்று. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் சிலர் படகில் சென்று அத்தீவில் ஒதுங்கி, 2024 டிசம்பர் வரை முகாமில் அடைபட்டிருந்த செய்தியை நம்மவர் படித்திருப்பர். அந்த மண்ணுக்கு உரியவர்களுக்கோ, 2025 மே 22-இல் பிரிட்டனும் மொரீஷியசும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் டீகோ கார்சியாவில் மீண்டும் குடியேற வழி காட்டப்படவில்லை.

கன்னில் உரியவன் கூலியாளானான். டீகோ கார்சியாவில் உரியவன் கூலியாளாகக்கூட இல்லாமற் போனான். இரண்டிலும் அவன் பங்காளியாக்கப்படவில்லை. மகா நிக்கோபாரில் எது நடக்கும் என்பது இன்னும் முடிந்த முடிபன்று. ஆதலால்தான் பேச வேண்டியிருக்கிறது.

மாணவருக்கு விடை கூற மீண்டும் கிதாபை எடுத்தேன். பிறர் பொருளை உரிமையின்றிக் கைக்கொள்வதைப் பற்றிய பாடத்திற்கு ‘கஸ்பு’ என்று பெயர். நாட்டின் சட்டப்படி நடப்பதைக் கஸ்பு என்று தீர்ப்பளிக்க நான் முஃப்தி அல்லன். ஆயினும் அப்பாடத்தின் அறிவு வரிசை சிந்திக்கத் தக்கது. எடுத்த பொருள் இருக்குமாயின் அதனையே திருப்பித் தருவது முதற் கடமை. அது அழிந்துபோனால் அதற்கு ஒத்த பொருள். இதனை ‘மிஸ்ல்’ என்பர். ஒத்தது இல்லாதவற்றுக்கு மட்டுமே விலை. இதனைக் ‘கீமத்து’ என்பர். நான் ஓதிக் கொடுக்கும் ஷாஃபிஈ நூல்களின்படி, வைத்திருந்த காலத்திற்கான வாடகையும் சேரும்.

மகா நிக்கோபாரில் அழியும் காட்டிற்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்ப்பது என்று திட்டமிடப்பட்டது. ஹரியானாவின் மரம் நிக்கோபாரின் மழைக்காட்டிற்கு மிஸ்ல் ஆகுமா? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தாரைக் கேட்டால் விடை கிடைக்கும். இங்கே பழைய புதர்க்காடுகள் இருந்த இடங்களில் தைலமரம் நடப்பட்டது. கணக்கில் அதுவும் காடுதான். ஆட்டை ஓட்டிச் செல்பவனும், கண்மாயில் நீரை எதிர்பார்ப்பவனும் அதைக் காடென்று சொல்வதில்லை. அதுபோல, ராஜீவ் நகரின் வரிசை வீடு, மேற்குக் கரையின் துஹெத்துக்கு மிஸ்ல் ஆகாது. இவ்வகைப் பொருள்களுக்கு ஒத்தது இல்லை. எனவே, அவை அழியுமுன் திருப்பித் தருவதொன்றே கடன் தீரும் வழி.

மாணவரை அழைத்து எனக்குப் பட்டதைச் சொன்னேன். “தம்பி, உன் வியர்வைக்குரிய கூலி உன்னுடையது. அதில் மனக்கலக்கம் வேண்டாம். நிலத்தின் கணக்கு, எடுக்கச் சொன்னவரையும் எடுத்தவரையும் சேர்ந்தது. ஆனால் உனக்கும் ஒரு கணக்கு உண்டு. சட்டம் தடுத்த காட்டிற்குள் விறகுக்கென்றோ வேடிக்கைக்கென்றோ கால் வைக்காதே. நம் உடம்பிலுள்ள சாதாரணக் காய்ச்சலும் அந்த மக்களைக் கொன்றுவிடக்கூடும். அவர்களிடம் ஒரு தேங்காய் வாங்கினாலும் உரிய விலை கொடு. நீ நிற்கும் இடம் யாருடையது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்.”

அவர் சென்றார். மூன்று மாதங்கழித்து ஓர் இரவு தொலைபேசியில் பேசினார். “ஹஜ்ரத், என்னோடு மணல் சுமப்பவர் ஒரு நிக்கோபாரி. மேற்குக் கரையில் அவர்கள் குடும்பத்துத் தோப்பு இருக்கிறதாம். படகு கிடைத்தால்தான் போய்ப் பார்க்க முடியுமாம். ‘வேலை முடிந்தால் நீ ஊருக்குப் போவாய், நான் எந்த ஊருக்குப் போவது?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை” என்றார். தங்கையின் திருமணத்திற்குப் பணம் சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன். பாதி சேர்ந்துவிட்டது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன், ஆயினும் அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை.

அந்த மனிதரின் வினாவுக்கு விடை ஒரு கம்பி கட்டும் தொழிலாளியிடம் இல்லை. அது ஆட்சியாளரிடம் இருக்கிறது. கடற்காவலுக்கு வேண்டிய நிலம் எவ்வளவு, வணிகத்திற்கும் நகரத்திற்கும் வேண்டிய நிலம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது அவர்கள் கடமை. காவலின் பெயரால் கடைவீதிக்கும் சேர்த்து நிலம் எடுக்கலாகாது. திரும்பிப் போக விரும்பும் நிக்கோபாரியருக்கு அவர்களுடைய ஊர்களைத் தந்த பின்னரே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். ஷோம்பென் மக்களின் காட்டை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் சபர் புறப்படும்போது அங்குள்ள கூலியையும் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் விசாரிக்கிறோம். அவர்கள் கட்டப் போகும் மண் யாருடையது என்பதையும் இனி விசாரிப்போம். நிலமிழந்து கூலிக்கு நிற்பவனும், நிலமின்றிக் கூலிக்குச் சென்றவனும் அங்கே ஒரே மணற்கூடையைச் சுமக்கிறார்கள். அவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்காமல் காப்பதற்கு அந்த விசாரிப்பாவது துணை செய்யும்.